செவ்வாய்க்கிழமை பிளாப்பி

"இதுவும் ஓடல மேடம்" என்று பிளாப்பியை மேஜைமேல் வைத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தார் கப்பல்காரர். மூச்சு வாங்கியது. மூன்றாவது மாடி, நாற்பத்திரண்டு படி. லிப்ட் என்ற பேச்சே கிடையாது.

அவள் அதைத் தன் மிஷினில் போட்டுப் பார்த்தாள். திரை காலியாக இருந்தது.

"அழிஞ்சு போயிருக்கு சார். பக்கத்துல காந்தம் கீந்தம் வச்சீங்களா?"

"எங்க வீட்ல காந்தமா? என்கிட்ட மனுஷங்களே ஒட்டறதில்ல."

"கம்ப்யூட்டரை ஒரு தடவை எடுத்துட்டு வாங்களேன். அதுலயே போட்டுப் பாத்துடலாம்."

"அது பதினொரு கிலோ மேடம். என்னை நானே தூக்கிட்டு வர்றதே பெரும்பாடா இருக்கு."

கப்பல்காரர் முப்பது வருடம் சரக்குக் கப்பலில் ரேடியோ ஆபீசராக இருந்தவர். கைப்பிடி வைத்து, தையல் மிஷின் பெட்டி மாதிரி இருக்கும் அந்தப் பழைய கம்ப்யூட்டர் அவருடனேயே கடல் சுற்றியது. அதில் செஸ் ஆடுவாராம். செஸ் இருந்த பிளாப்பியில் பூஞ்சை பிடித்துவிட்டது. மகனும் மருமகளும் எட்டு மணிக்கு வேலைக்குக் கிளம்பிவிட்டால், அதற்குப் பிறகு வீட்டில் எதிராளி என்று யாரும் இல்லை.

பூஞ்சை பிடித்த பிளாப்பியைத் துடைத்து, உள்ளே இருப்பதைப் படித்து, புதிதாக ஒன்று செய்து கொடுப்பதுதான் அவள் தொழில். உலகத்தில் இதற்கும் ஆட்கள் இருக்கிறார்கள். ஆர்டர் எல்லாம் தபாலில் வரும், தபாலிலேயே போகும். எத்தனையோ வருடமாக இதே அறை. தன்னந்தனி ஆள். படியேறி அவளைத் தேடி வந்த ஒரே வாடிக்கையாளர் இவர்தான். இது ஆறாவது செவ்வாய்க்கிழமை.

டீயைக் கொடுத்தாள். புயலில் சிக்கிய கதையை இரண்டாம் முறையாகச் சொன்னார். போன தடவை அலை இரண்டு மாடி உயரம், இந்தத் தடவை நான்கு.

"போன வாரம் ரெண்டு மாடின்னீங்க?"

"அலைன்னா வளராதா?"

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். தன் சிரிப்புச் சத்தம் தனக்கே புதிதாக இருந்தது. அவர் குனிந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"ரொம்ப வலிக்குதா சார்?"

"டாக்டர் படியே ஏறக் கூடாதுங்கறார். நான் எங்க கேக்கறேன்."

அவளுக்குச் சுருக்கென்றது.

பிளாப்பி எப்படி அழிகிறது என்பது அவளுக்குத் தெரியும். அவர் கம்ப்யூட்டருக்கு வேண்டியது பழைய ரக பிளாப்பி. பின்னால் வந்த ரகத்தில் மூலையில் ஓர் ஓட்டை அதிகம். அந்த ஓட்டையை டேப் ஒட்டி மூடிவிட்டால் கம்ப்யூட்டர் ஏமாந்து ஏற்றுக்கொள்ளும். ஆனால் பதிந்தது நிலைக்காது, ஒரு வாரத்தில் தானாக அழிந்துவிடும். முதல் தடவை, பழைய ரகம் கையிருப்பில் இல்லாமல்தான் அப்படிச் செய்து கொடுத்தாள். அவர் திரும்பி வந்தார், ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார். அடுத்த நாளே சரியான பிளாப்பி தபாலில் வந்துவிட்டது. அதை எடுத்து அலமாரியில் பூட்டி வைத்துவிட்டு, நான்கு வாரமாக டேப் ஒட்டியதையே கொடுத்துக்கொண்டிருக்கிறாள். பேச்சுத் துணைக்காக ஒரு முழங்கால் வலிக்காரரை நாற்பத்திரண்டு படி ஏறவிட்டிருக்கிறாள்.

எழுந்து போய் அலமாரியைத் திறந்தாள்.

பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது. மூன்று தடவை சரிபார்த்தாள். தூசி போகாமல் இருக்க, பிளாப்பியின் தகரக் கதவு திறக்காதபடி ஒரு காகிதத் துண்டைக் குறுக்கே ஒட்டி, 'இதைக் கிழித்துவிட்டுப் போடவும்' என்று எழுதினாள்.

"இந்தத் தடவை கண்டிப்பா ஓடும் சார். இனிமே நீங்க படியேற வேண்டியதில்ல."

சந்தோஷப்படுவார் என்று நினைத்தாள். அவர் "அப்படியா" என்று மட்டும் சொல்லி, அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கிப் போனார். கடைசிப் படிவரை செருப்புச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றாள்.

அந்த வாரம் முழுவதும் அவள் யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. பேச ஆள் இருந்தால்தானே. செவ்வாய்க்கிழமை காலையில் பழக்க தோஷத்தில் இரண்டு டம்ளர் கழுவிவிட்டு, ஒன்றை மறுபடி உள்ளே வைத்தாள்.

பதினொரு மணிக்குப் படியில் செருப்புச் சத்தம் கேட்டது. நின்று நின்று வந்தது.

"இதுவும் ஓடல மேடம்" என்றார் கப்பல்காரர், கதவைப் பிடித்துக்கொண்டு. "மூணு தடவை போட்டுப் பாத்துட்டேன். உர்ர்னு ஒரு சத்தம், அவ்வளவுதான்."

அவள் பிளாப்பியை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். பிறகு மிஷினில் போடாமலே டிராயரில் வைத்து மூடினாள்.

"ஆமா சார், இதுவும் போச்சு. அடுத்த செவ்வாய்க்கிழமை நானே உங்க வீட்டுக்கு வந்து பாக்கறேன். நீங்க ஏறி வர வேண்டாம்."

"கம்ப்யூட்டரைப் பாக்கவா?"

"அதையும்தான். உக்காருங்க, டீ போடறேன்" என்று இரண்டாவது டம்ளரை வெளியே எடுத்தாள்.

டிராயருக்குள் கிடந்த பிளாப்பியின் குறுக்கே அவள் ஒட்டிய காகிதத் துண்டு, ஓரம்கூடக் கிழியாமல் ஒட்டினபடியே இருந்தது.