மாலை விழுந்த கறுப்பு வெள்ளைப் படம்

என் கருமாதிப் பந்தியில் நானே உட்கார்ந்து முப்பத்தேழு வடை தின்றேன்.

"அளக்காதீங்க அத்தான்!" என்று சிரித்தான் மச்சான் தணிகாசலம்.

ஆசைப்பட்டு என் முகத்தைப் பழங்காலக் கறுப்பு வெள்ளைப் படமாக்கி, கூடத்துச் சுவர்த்திரையில் வைத்தேன். புது மாப்பிள்ளை கெட்டான்! ஆனால் கறுப்பு வெள்ளையில் தொங்குகிறவர் செத்தவர்தான் என்று, எல்லாக் காரியத்தையும் கணினி மூளையால் கவனிக்கும் எங்கள் வீடு தானே முடிவுகட்டிவிட்டது. படத்துக்குச் சந்தன மாலை போட்டது. பென்ஷனை நிறுத்தியது. சொந்தக்காரர்களின் வீடுகளுக்கெல்லாம் தகவல் சொல்லி, பதினாறாம் நாளுக்குச் சமையல்காரரையும் பிடித்தது. "நான் உயிரோடு இருக்கிறேன்" என்று கத்தினால், "ஐயாவின் குரல் பதிவு உருக்கமாக இருக்கிறது" என்கிறது.

"நீ நம்பி சாட்சி சொன்னாத்தான்டா பென்ஷன் திரும்ப வரும்."

தணிகாசலத்தின் சிரிப்பு நின்றது. "நெசந்தான் அத்தான். போன மாசம் என் வீடு, யாரு சாவுன்னே சொல்லாம தீட்டுன்னு மட்டும் சொல்லி, நான் தெருக்குழாயில தலைமுழுகுற வரைக்கும் கதவையே திறக்கல."