லட்சுமிக்காக அடைத்த வாய்

கீசருக்கு அடியில் இருந்த வால்வுக்கு ஒரே வேலைதான். உள்ளே அழுத்தம் ஏறினால் நாலு சொட்டு வெளியே விட்டு அதைத் தணிக்கும்.

வீட்டுக்காரர் சிங்காரவேலுவுக்கு அது பொறுக்கவில்லை. "வீட்டுல தண்ணி சொட்டினா லட்சுமி தங்கமாட்டா" என்று வால்வின் வாயில் ஒரு பித்தளை மூடியை முறுக்கிவிட்டார்.

மறுநாள் காலை சிங்காரவேலு கீசர் சுவிட்சைப் போட்டார். கீசர் உறுமியது. "தம்பி, தாங்க முடியலடா, வழி விடு!"

வால்வு மூடியைக் கெஞ்சியது. "அண்ணே, கொஞ்சம் விலகுங்க. கீசர் வெடிச்சிடும்."

"என்னை அடைக்கத்தான் சொன்னாங்க. விலகச் சொல்லலையே" என்றது மூடி.

வால்வு முட்டி முட்டி ஓய்ந்தது.

சிங்காரவேலு குளிக்க குளியலறைக்குள் வந்து தாழ்ப்பாள் போட்டார். சொட்டு ஈரமில்லாத தரையைப் பார்த்ததும் கைகூப்பினார்.

"தாயே, வந்துட்டியா!"