ஒற்றை நட்சத்திரம்

"எவனோ ஆள் வச்சுச் செய்யிறான் மிஸ். இது சும்மா விழுகிற ஸ்டார் இல்லை."

ஜெனிஸ்டன் போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கியபடி லெப்டொப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். வீட்டுக்கு மீன் ஓடர் செய்யவென்று அவன் இராப்பகலாய் உருவாக்கிய செயலிக்கு ஐந்துக்கு ஒரு நட்சத்திரம். அதற்குக் கீழே இன்னொருவர், அவரும் ஒன்று. இரண்டு வாரமாக இதே கூத்து. கோபப்படவும் அவனுக்குத் தெம்பில்லை.

"ஏசி எழுதியிருக்கினமோ?" என்று கேட்டாள் நிருஷா, வெள்ளவத்தை ஒபிஸில் அவனுடைய மனேஜர்.

"அதுதான் விளங்கேல்ல. முந்தி மீன் நாறினதுக்கு ரெண்டு பேர் கிழிகிழியெண்டு கிழிச்சவை. இதில ஒருத்தரும் ஒரு சொல்லு ஏசேல்ல. ஒரு அன்ரி 'ஆண்டவர் ஆசீர்வதிப்பார்' எண்டு எழுதிப்போட்டு ஒண்டு குத்தியிருக்கிறா! நக்கலைப் பாருங்கோவன்."

"பின்னேரம் மீற்றிங் இருக்கு ஜெனி. நாலுக்கு மேல ஏறாட்டி இதை மூடுறதெண்டுதான் கதை. மூடினா உங்கட வேலையும்..."

 

"ஒண்டு குத்தினவன் ஒருத்தனும் உருப்பட மாட்டான்!" என்று போனை மேசையில் போட்டான்.

"வயித்தில பிள்ளை இருக்கேக்க சாபம் போடாதேங்கோ" என்றாள் மனைவி டில்ஷானி. பிளேன்டிக் கோப்பையை அவன் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

"டடா எங்க?"

"காலமையே குடையையும் தூக்கிக்கொண்டு போயிட்டார். கால் வீங்கியிருக்கெண்டு சொன்னாலும் கேக்கிறாரில்லை."

டடா, அவனுடைய அப்பா ஹியூபேட், துறைமுகத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். தேர்தல் வந்தால் மட்டும் கொட்டாஞ்சேனை மாடி வீடுகளில் ஒரு படி விடாமல் ஏறி வோட்டுக் கேட்பார். இப்போது தேர்தலும் இல்லை. ஸ்டார் விழாவிட்டால் வேலை போய்விடும் என்று ஜெனிஸ்டன் சாப்பாட்டு மேசையில் சொன்ன நாளிலிருந்து மனிதர் வீட்டில் தங்குவதில்லை. பாவம், கவலையை நடந்து தீர்க்கிறார் என்று நினைத்துக்கொண்டான்.

பின்னேரம் நிருஷாவின் செய்தி வந்தது. 'மூடுறதெண்டு முடிவு. சொறி ஜெனி.'

டில்ஷானியிடம் போனை நீட்டிவிட்டு மேசையில் தலையைச் சாய்த்தான். அவள் வாசித்தாள். அவன் முதுகைத் தடவினாள்.

கதவு திறந்தது. ஹியூபேட் நிலையைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். சட்டை வியர்வையில் தெப்பலாய் நனைந்திருந்தது. செருப்பைக் கழற்றக் குனியவும் முடியவில்லை, ஆனால் முகத்தில் கிறிஸ்மஸ் களை.

"இனி வேலைப் பயம் வேண்டாம் மகன். இண்டைக்குக் கொச்சிக்கடைப் பக்கமும் முடிச்சிட்டன். கண் தெரியாததுகளுக்கு நானே போனை வாங்கி அமத்திக் குடுத்தனான்."

ஜெனிஸ்டன் மெல்லத் தலையைத் தூக்கினான்.

"என்னத்தை டடா?"

"எலெக்‌ஷன்ல எங்கட ஆள்தான் முதலாவதெண்டு ஒண்டு போடுற மாதிரி, எல்லாரையும் உனக்கு ஒண்டு போட வச்சிட்டன்!"