கற்பூர சோப்பு

பாலக்கரை சவரிராயன் தேங்காயெண்ணெயில் சுதேசி சோப்பு காய்ச்சி, யாரிடமும் இல்லாத வாசனை வேண்டுமென்று அதில் கற்பூரம் சேர்த்தான். பள்ளிவாசல் தெருவில் முகர்ந்து பார்த்தவர்களெல்லாம் சொல்லிவைத்தாற்போல் கதவைச் சாத்தினார்கள். நசீரா மட்டும், “எங்க வீட்டுக்காரருக்காக” என்று வாரம் தவறாமல் ஒரு கட்டி வாங்கினாள்.

“போன வாரம் ஏங்க வரலை?” என்று கதவுக்குப் பின்னால் நின்று கேட்டாள்.

“காய்ச்சல்மா. ஆமா, தெருவுல உங்க வீட்டுக்காரருக்கு மட்டும் எப்படி இது பிடிச்சுது?”

“இறந்தவங்க மய்யித்தைக் குளிப்பாட்டுறப்ப கடைசித் தண்ணியிலதாங்க நாங்க கற்பூரம் கலப்போம். அவருக்கு நான்தான் ஊத்தினேன்.”

சவரிராயன் எடுத்த சோப்பைத் திரும்பக் கூடையில் வைத்தான்.

“நான் இதைத் தேய்ச்சுக் குளிச்சா, அந்த வாசத்துக்கு வந்துடுவார். போன வாரம் நீங்க வரலை. அவரும் வரலைங்க.”