முதுகில் ஒரு பெயர்

அமெரிக்கக் கால்பந்து அரையிறுதியில் அணி தோற்றதும், ரசிகர் அருள்தாஸ் சோபாவிலிருந்து எழுந்து ஜெர்சியைக் கழற்றி மேசையில் விரித்தார். ஒவ்வொரு வருடத் தோல்விக்கும், பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக்கை மாற்றுவது நிர்வாகத்தின் வழக்கம். முதுகிலுள்ள பெயர்மேல் பிளாஸ்திரி ஒட்டிப் புதியவன் பெயரை எழுதுவது இவர் வழக்கம். ஜெர்சியின் முதுகு தலையணைபோலத் தடித்திருந்தது.

“நாம தோத்ததுக்கு இவன்தான் காரணம், ஸ்டெல்லா.”

“போன வருசம் ரட்சகன்னு சொல்லித்தானே இவன் பேரை எழுதுனீங்க,” என்றாள் மனைவி.

“அது போன வருசம்.”

புது பிளாஸ்திரியை ஒட்டிவிட்டு, பேனாவும் கையுமாகக் காத்திருந்தார். மறுநாள் அறிவிப்பு வந்தது: முதன்முதலில் துரத்தப்பட்டவனே திரும்பி வருகிறான்.

அவன் பெயர் அத்தனைக்கும் அடியில் இருந்தது. அருள்தாஸ் ஓரத்தை நகத்தால் கீறிப் பார்த்தார், உரியவில்லை. அதே பெயரை மேலே எழுதினார்.

“இந்தத் தடவை கோப்பையை விடமாட்டோம்.”

ஸ்டெல்லா அடுத்த பிளாஸ்திரியை வெட்டி வைத்தாள்.