நசுங்காத எலுமிச்சை

மகா ஸ்டியரிங்கை எட்டிப் பிடித்தாள். சற்றுத் தள்ளி, நடுச்சாலையில் ஓர் எலுமிச்சம்பழம் இருந்தது. வேன் அதை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

"அது பழம் இல்லடி, ரோடு தாண்டுற குழந்தை" என்று அம்மா யசோதா முதலிலேயே சொல்லியிருந்தாள்.

ஹேண்ட்பிரேக்கை இழுப்பதற்குள் சக்கரம் ஏறிவிட்டது.

மகாவுக்குப் பதினாறு வயது. அவள் இருந்தது இடது சீட்டில், ஓட்டியது யசோதாதான். ஜோகுபாளையத்துப் பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிப் போகும் வேன் அது. மகாவும் தினமும் அதன் முன்சீட்டில்தான் போவாள்.

யாரோ ஒரு டிரைவர் ஓட்டும்போதே நெஞ்சைப் பிடித்துச் சாய்ந்துவிட்டார் என்று கேட்டதிலிருந்து யசோதாவுக்குத் தூக்கம் போயிற்று. பதினெட்டு ஆகாமல் ஓட்டக் கூடாது, ஆனால் நிறுத்தத் தெரிந்திருக்க வேண்டும் என்றாள். ஞாயிறு காலையில் மகளை அத்திபெலே பக்கம் இன்னும் வீடுகள் எழும்பாத, ஆளில்லாத லேஅவுட்டுக்குக் கூட்டி வந்துவிடுவாள்.

கொஞ்ச தூரம் ஓட்டுவாள். பிறகு ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டுத் தலையைத் தொங்கப் போடுவாள். மிச்சம் மகாவின் பாடு. கியரை நியூட்ரலுக்குத் தள்ளி, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, ஹேண்ட்பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுக்க வேண்டும்.

இதோடு மூன்று பழம் போயிற்று. "ஆயுத பூஜைக்குக்கூட நான் இத்தன நசுக்கலயே" என்று சிரித்தபடி யசோதா புதுப் பழத்தை வைத்துவிட்டு வந்து வண்டியை எடுத்தாள்.

இந்த முறை தலை சீக்கிரமே சாய்ந்தது. வேகம் குறையவில்லை, கூடியது. வேண்டுமென்றே கஷ்டமாக்குகிறாள் என்று மகாவுக்குக் கோபம் வந்தது. அதைவிட அதிகமாகப் பயம் வந்தது.

நியூட்ரலுக்குத் தள்ளினாள். என்ஜின் அலறியது. ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் ஹேண்ட்பிரேக்கை இழுத்தாள், இழுத்துக்கொண்டே இருந்தாள்.

வண்டி நின்றது. சாவியைத் திருப்பி அணைத்துவிட்டு இறங்கி ஓடினாள். பழம் டயருக்கு ஒரு விரல் தள்ளி முழுசாக இருந்தது. அம்மா பக்கத்துக் கதவைத் திறந்தாள்.

"குழந்தை பொழைச்சிடுச்சும்மா. போதும், எழுந்திரு. ரொம்பத்தான் ஓவர் ஆக்டிங்."

யசோதா மெல்ல நிமிர்ந்தாள். முகமெல்லாம் வேர்த்திருந்தது. மகளின் கையைத் தடவித் தேடிப் பிடித்தாள்.

"இப்ப நான் நடிக்கலடி."