நூறு சுயமான சந்தேகங்கள்

மனப்பாடம் தடை செய்யப்பட்ட ஐந்தாம் ஆண்டில், பத்தாம் வகுப்புத் தேர்வு முழுக்க உரையாடலாகிவிட்டது. தேர்வுப் பெட்டி என்ற பேசும் இயந்திரம் பாடத்தைச் சொல்லும். மாணவர் சந்தேகம் கேட்க வேண்டும். அருப்புக்கோட்டை செண்பகவல்லி, மகள் யாழ்மொழிக்கு டியூஷன் சென்டரில் ‘நூறு சுயமான சந்தேகங்கள்’ என்ற கையேட்டை வாங்கிக் கொடுத்தாள். எந்த இடத்தில் தலையைச் சொறிய வேண்டும் என்பதுகூட அதில் இருந்தது.

“பதினாலாவது சொல்லுடி.”

“ம்ம்... கடல் உப்புன்னா மழை ஏன் சார் கரிக்கல?”

“அந்த ‘ம்ம்’ பத்தல, இன்னும் இழு. கோட்டை விட்டா ப்ளஸ் ஒன் கிடையாது, பாத்துக்க.”

தேர்வில் மற்ற முப்பத்தொன்பது பிள்ளைகளும் தலையைச் சொறிந்து அந்தப் பதினாலாவதையே கேட்டார்கள். எல்லோருக்கும் முழு மதிப்பெண். யாழ்மொழி மட்டும் பதற்றத்தில் கையேட்டை மறந்து, “மீனுக்குத் தாகம் எடுக்குமா சார்?” என்று கேட்டுவிட்டாள். ‘சுயசிந்தனை போதாது’ என்று பெட்டி அவளை ஃபெயிலாக்கியது.

மறுதேர்வுக்கான பயிற்சி வீட்டுக்கு வந்தது. ‘நான் சுயமாகச் சிந்திப்பேன்’ என்று நூறு முறை எழுத வேண்டும்.

“ஏம்மா, ஒரு தடவை எழுதினா பத்தாதா?”

செண்பகவல்லி கையேட்டைப் புரட்டினாள். “இரு, இந்தக் கேள்வி இதுல இருக்கான்னு பாக்குறேன்.”